கீழே பேசுவார்கள், மேலே பேசமாட்டார்கள்

டி.வி.யில் இரண்டு பேரைச் சண்டை போட வைக்கிற தொழிலில், சண்டையைவிட அவர்களைக் காக்க வைப்பதுதான் பெரிய பாடு. அந்தப் பாட்டை நான் ஒன்றரை வருஷம் பட்டேன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல், மாடி அறையில் நடந்த லோக்கல் கேபிள் சேனல் எங்களுடையது. தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம்.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். பி.காம். முடித்தவுடன் கிடைத்த வேலை என்பதால், அது என்ன வேலை என்று கேட்காமலே சேர்ந்துவிட்டேன். முதல் வேலையை விடப் பயந்து, பிடிக்காததற்கெல்லாம் தலையாட்டியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறைய இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லப்போகிறதில் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் நடந்தது. பெண்களைக் கீழே இறக்கமாட்டார்கள். அதனால் அந்தப் பகுதி நான் கேட்டது மட்டும்தான். மீதி மேலே நடந்தது. அதற்கு நான் சாட்சி, கொஞ்சம் குற்றவாளியும்கூட.

மணமகள் அறை, மணமகன் அறை

எங்கள் ஓனர் சம்பத் சார் முன்பு கல்யாண வீடியோ மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர். சாட்டிலைட் சேனல்களில் மனுஷர்களை எதிரெதிரே உட்கார வைத்து அழவைக்கிற நிகழ்ச்சிகளைப் பார்த்து, நம் ஊரில் அழ ஆளா இல்லை என்று தொடங்கியதுதான் ‘முகம் பார்த்துப் பேசு’. பேச்சு நின்றுபோன இரண்டு பேரைக் கூட்டிவந்து கேமரா முன் பேசவைக்க வேண்டும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. ஒருவரை மணமகள் அறையிலும் மற்றவரை மணமகன் அறையிலும் உட்கார வைத்துவிடுவோம். கேமரா முன்னால்தான் முதல் தடவை பார்க்க வேண்டும். ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிவிடுவார், வெளி வெளிச்சம் வந்தால் கல்யாண வீடு மாதிரி தெரிகிறது என்று.

என் வேலைக்குப் பெயர் கோ-ஆர்டினேட்டர். இரண்டு அறைகளுக்கும் நடுவே நடப்பதுதான் வேலை. இந்த அறையில் கேட்டதை அந்த அறையில் கொஞ்சம் சூடாக்கிச் சொல்ல வேண்டும். ‘அவர் வருத்தப்படுகிறார்’ என்றால், ‘அவர் கொதித்துப்போய் இருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும். காலை ஒன்பதுக்கு வரச்சொல்லி, பகல் ஒன்றுக்குத்தான் கூப்பிடுவோம். அதுவரை டீ மட்டும். பசித்தால் கோபம் சீக்கிரம் வரும் என்பது சம்பத் சாரின் கணக்கு. அண்ணன் தம்பி வழக்கு ஒன்றுக்கு வந்திருந்த பெரியவர் நாலாவது டீயைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “இன்னாம்மா, சமாதானம் ஆவறவனுக்குத்தான் சோறா? சண்ட போட வந்தவனுக்கு ஒரு வடகூட கெடையாதா?”

சரோஜா அக்கா மாடிப்படி ஏறி வந்தது

வழக்குகள் எங்களுக்குத் தபாலில் வரும். சரோஜா அக்கா மட்டும் நேரில் வந்தார். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார். செருப்பை மாடிப்படியின் கீழேயே விட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

அவருடைய வீட்டுக்காரர் கோதண்டம். சரோஜா அக்காவின் கூடப் பிறந்த அண்ணன் ஏழுமலை. இருவரும் நந்திதுர்க் சுரங்கத்தில் ஒரே கேங்கில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன் சரோஜா அக்காவின் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் ஏழுமலைதான் முதல் மாலை போட வேண்டும். அன்றைக்கென்று காலை ஷிப்டு முடிந்து ஆட்களை ஏற்றிவரும் இரும்புக்கூண்டான கேஜ் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் ஏழுமலை கீழேயே மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் போகிறதே என்று, கோதண்டம் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூப்பிட்டு மாலையைப் போடச் சொல்லிவிட்டார். ஏழுமலை பூட்ஸ் காலோடு, கையில் மாலையோடு ஓடிவந்து பார்க்கும்போது பெண்ணின் கழுத்தில் வேறு மாலை இருந்தது. தன் மாலையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

“ஆறு வருஷமா ஒரு வார்த்தைகூடவா பேசல?” என்று கேட்டேன். நோட்டில் எழுதவேண்டியது அதுதான்.

“அதெப்படிம்மா பேசாம இருப்பாங்க? கீழ போனா பேசுவாங்க. மேல வந்தா பேசமாட்டாங்க.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஒருநாள் கோதண்டம் வீட்டுக்கு வந்து, ‘உங்க அண்ணன் வூட்டு மாடு கன்னு போட்டுச்சு’ என்றாராம். யார் சொன்னது என்று கேட்டால், ‘சொன்னாங்க’ என்றாராம். இவர் கட்டிக்கொடுக்கிற கருவாட்டுக் குழம்பு அண்ணன் வயிற்றுக்குப் போகிறது என்பதும், அண்ணி செய்கிற புளிச்சோறு இவர் வீட்டுக்காரருக்கு வருகிறது என்பதும் டப்பாவைக் கழுவும்போது தெரிந்துவிடுமாம். ஆனால் தெருவில் எதிரெதிரே வந்தால், இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொள்வார்களாம்.

“அப்புறம் என்னக்கா, பேசத்தானே செய்யறாங்க” என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன், அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: “சுரங்கத்த மூடிட்டா எங்க போய் பேசுவாங்க, நீயே சொல்லு.”

கேஜ் கதவு

எங்கள் நைனாவுக்கு அதே நந்திதுர்க்கில் கேஜ் மணி அடிக்கிற வேலை. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயிலில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கி, மணி கொடுப்பார். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார்.

அவர் சொன்னது இது. கீழே மரம் முட்டுக்கொடுக்கிற வேலையில் ஒருவர் தூணைப் பிடிக்க, மற்றவர் ஆப்பு அடிக்க வேண்டும். ‘புடி’, ‘உடு’, ‘தள்ளு’ என்று சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால் இரண்டு பேருடைய உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அதனால் சடங்குக்கு மறுநாளே கீழே பேசிவிட்டார்கள். முதலில் வேலைப் பேச்சு. பிறகு சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. பிறகு வீட்டுப் பேச்சு. தொப்பி விளக்கை எதிராளி முகத்தில் அடிப்பது கீழே மரியாதை இல்லையாம். அதனால் பேசுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லையாம். நைனாவும் இதில் பாதியைக் கேங்கு ஆட்கள் சொல்லிக் கேட்டவர்தான். அவர் கண்ணால் பார்த்தது கடைசித் துண்டு மட்டும். அதைச் சொன்னபோது, கேஜ் கதவைத் திறப்பது போலக் கையை இழுத்துக் காட்டினார்: “பாப்பா, கேஜ் மேல வரச்சொல்ல ரெண்டு பேர் சத்தமும் கேக்கும். நான் கதவ இஸ்துட்டேன்னா, அவங்க வாய மூடிக்குவாங்க.”

சுவருக்கு அந்தாண்ட

சம்பத் சாருக்கு வழக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கீழே பேசுகிற விஷயத்தை மட்டும் எழுதாதே என்றார். ஆறு வருஷம் பேசாதவர்கள் என்றால்தான் எடுபடுமாம். எனக்கு வேறு பயம். சூடாக்குகிறேன் என்று நான் எதையாவது சொல்லி, கீழே இருக்கிற பேச்சும் நின்றுவிட்டால்? அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின மாதம்தான் ஒரு வழக்கில் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தேன்.

பாலகாட் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருந்த இரண்டு பெண்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டை. படப்பிடிப்புக்கு முதல் நாள், வீட்டுக்கே போய் ஒருவரிடம் பேசி, பிறகு அடுத்த வீட்டுக்குப் போய், அவர் சொன்னதை இரண்டு பங்கு காரம் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். லைன் வீடுகளுக்கு நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர் என்பதும், அது கூரைவரை போகாது என்பதும் நான் பிறந்ததிலிருந்து அறிந்த விஷயம். நானும் லைன் வீட்டில் வளர்ந்தவள்தான். டிகிரி வாங்கியதில் மறந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் இரண்டு பெண்களும் ஒரே ஆட்டோவில் சேர்ந்து வந்து இறங்கினார்கள். அவர்களுக்குள் சமாதானமாகிவிட்டது, இப்போது சண்டை என்னோடு. மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “நான் அவள நாயின்னு எப்ப சொன்னேன் கண்ணு? நான் சொல்லாதத நீ சொன்னது, நான் சொன்னத விட நல்லா இருந்திச்சு.”

எதற்கு அதிர்ச்சி

படப்பிடிப்பில் பார்வையாளர்களும் உண்டு. பென்ஷன் வாங்குகிற தாத்தாக்கள் பதினைந்து பேர், பக்கத்துத் தெருப் பெண்கள் பத்துப் பேர். அவர்கள் முகத்தைத் தனியாக, முதலிலேயே எடுத்துவிடுவோம். சண்டை நடக்கும்போது கேமராவைத் திருப்ப முடியாது. எங்களிடம் இருந்தது ஒரே கேமரா. அதனால் காலையிலேயே, காலி நாற்காலிகளைப் பார்த்து அவர்கள் திடுக்கிட வேண்டும், கண் கலங்க வேண்டும், கடைசியில் கைதட்ட வேண்டும். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, ‘இப்ப அதிர்ச்சி’, ‘இப்ப சோகம்’ என்று சொல்வேன். பிறகு சம்பத் சார் அவற்றை வெட்டி, எந்தப் பேச்சுக்கு எது பொருந்துமோ அங்கே ஒட்டிக்கொள்வார்.

ஏழுமலை, கோதண்டம் வழக்கன்றும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த தாத்தா ஒருவருக்கு அதிர்ச்சி வரவே இல்லை. மூன்று தடவை எடுத்தும், வாய் கொஞ்சம் திறந்ததே தவிர கண் அப்படியே இருந்தது. சம்பத் சார் பல்லைக் கடித்தார். தாத்தா எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது போல் மரியாதையாகக் கேட்டார்: “எதுக்கு அதிர்ச்சி ஆவணும்னு சொல்லிட்டிங்கன்னா, கரெக்டா ஆயிடுவேன் சார். சும்னே ஆவச் சொன்னா எப்படி?”

நான் சொன்ன பொய்

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அன்று கோதண்டம் மணமகள் அறையில், ஏழுமலை மணமகன் அறையில். சரோஜா அக்கா நடுக்கூடத்தில், துணியால் மூடிய ஜன்னல் ஓரம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பதினோரு மணிக்குச் சம்பத் சார் என்னைக் கூப்பிட்டார். ஏழுமலை அன்றைக்கு வேண்டுமென்றேதான் தாமதமாக வந்தார், சீர் கொண்டுவர வக்கில்லாமல் கேஜ் நின்றதாகக் கதை கட்டினார் என்று கோதண்டம் சொன்னதாக, ஏழுமலையிடம் சொல்ல வேண்டும். வேறு ஆளை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிவைத்துத்தான் அவசரப்பட்டார்கள் என்று ஏழுமலை சொன்னதாகக் கோதண்டத்திடம் சொல்ல வேண்டும். இரண்டையும் யாரும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். “உன்ன பர்மனென்ட் பண்ணலாமான்னு யோசிச்சிக்கினு இருக்கேன்” என்றார் அவர். சுரங்கம் மூடினால் நைனாவுக்கும் வேலை இருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கோதண்டத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். வார்த்தை மாறாமல், சொல்லச் சொன்னபடியே. குரல் மட்டும் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

அவர் பீடிக்கட்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ மணி அடிக்கிறவர் பொண்ணுதான?”

“ஆமாங்க.”

“எங்க மச்சான் அப்படி சொல்லமாட்டான்மா. நேத்து ஷிப்டுல கேட்டுட்டேன். டி.வி.ல இன்னா கேப்பாங்க, நீ இன்னா சொல்லுவ, நான் இன்னா சொல்லுவேன், எல்லாம் கீழயே பேசி வச்சிட்டோம்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது பயமா நிம்மதியா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. “தப்புதாங்க. எனக்குச் சொல்லச் சொன்னாங்க” என்றேன். அடுத்த அறைக்குப் போய் ஏழுமலையிடம் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். சம்பத் சாரிடம், சொல்லிவிட்டேன் என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முன்னதாக, நான் அவர் அறையை விட்டு வரும்போதே கோதண்டம் பின்னாலிருந்து சொல்லியிருந்தார்: “அழாதம்மா. ஒனக்காகத்தான் கொஞ்சம் சண்டயும் பேசி வச்சிருக்கோம்.”

இருபது நிமிஷம்

ஒரு மணிக்கு இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தோம். நடுவில் சம்பத் சார், பஞ்சாயத்துப் பண்ணுகிறவராக. கேமராவைப் பார்த்துக்கொள்ள ஒரு நண்பரை வைத்திருந்தார். பெரிய விளக்குகள் இரண்டும் எரிந்தன. இருவரும் தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் முகத்தில் மற்றவருக்குத் தெரியாதது ஒன்றும் மிச்சமில்லை. அவ்வளவு வெளிச்சம்.

கேட்டார் சம்பத் சார். பதில் இல்லை. ஏழுமலை தரையைப் பார்த்தார். கோதண்டம் மேலே தொங்கிய தோரணக் கயிற்றைப் பார்த்தார். கீழே பேசிவைத்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சம்பத் சார் சடங்கைப் பற்றிக் கேட்டார், மாலையைப் பற்றிக் கேட்டார், சரோஜா அக்காவைக் காட்டி, இந்த அம்மா முகத்துக்காகவாவது என்றார். இருபது நிமிஷம் டேப் ஓடியது. நான் சுவரோரம் சரோஜா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது. மேலே பேசமாட்டார்கள் என்பது இனி ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு பேசுவார்கள்? அதைத்தான் அவரும் நினைத்திருப்பார் போல. என் காதருகே முணுமுணுத்தார்: “நான்தான் கெடுத்துட்டேன் போல கீது கண்ணு.”

கரண்ட் போனது

அப்போது கரண்ட் போனது. எங்கள் ஊரில் இது விசேஷம் இல்லை. ஆனால் ஜன்னலெல்லாம் மூடியிருந்ததால், பட்டப்பகலில் மண்டபம் மையிருட்டாகிவிட்டது. கேமரா பேட்டரி முந்தின நாள் கல்யாணத்தில் தீர்ந்திருந்தது. கரண்டில்தான் கேமராவும் ஓடியது. அதுவும் நின்றது. யாரும் அசையவில்லை. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

“மாப்ள.”

“இன்னா மச்சான்.”

“எந்திரிக்காத. காலாண்ட ஒயரு கீது.”

“தெரியும். நீயும் பின்னால சாயாத, லைட்டு ஸ்டாண்டு இர்க்குது.”

என் மணிக்கட்டில் இருந்த கை அப்படியே நின்றது.

“சரோ எங்க?” என்றது ஏழுமலையின் குரல்.

“இங்கதான் கீறேண்ணா.”

“சாப்பிட்டியா?”

“இல்லண்ணா. யாருக்கும் சோறு போடல.”

பிறகு ஏழுமலை, ஆப்பு எங்கே என்று கேட்கிற சாதாரணக் குரலில், “அன்னிக்கி கேஜ் நெசமாவே நின்னுபோச்சு மாப்ள” என்றார்.

“தெரியும் மச்சான். நீ மேல வந்து மணிக்காரர்கிட்ட கத்தினது வரைக்கும் தெரியும். நான் காத்துக்கினு இருந்திருக்கணும்.”

“நல்ல நேரம் போவுதுன்னு சொல்லியிருப்பாங்க.”

“சொன்னாங்க. இருந்தாலும்.”

ஆறு வருஷத்துக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் பெண்ணைக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று கீழே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது போலிருந்தது. தாத்தாக்கள் பதினைந்து பேரும் மூச்சுக் காட்டவில்லை; அவர்களில் பாதிப் பேர் கீழே வேலை செய்தவர்கள்தானே. பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பினார்கள். வாய் மூடிக்கொண்டது. சம்பத் சார் ஓடிப்போய் டேப்பைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, கிட்டத்தட்டக் கெஞ்சினார், இப்போது பேசியதையே இன்னொரு தடவை பேசுங்கள் என்று. ஏழுமலை அவரை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்: “இன்னா பேசினோம் சார்?”

ஒளிபரப்பு

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை ஓடியது. இருபது நிமிஷ மௌனத்தைச் சம்பத் சார் எட்டு நிமிஷமாக வெட்டி, அடியில் ஷெனாய் போட்டார். நடுநடுவே காலையில் எடுத்த அதிர்ச்சி, சோகம். கடைசியில், ‘இந்தச் சுவர் என்று இடியும்?’ என்று எழுத்து. இருட்டில் நடந்தது டி.வி.யில் இல்லை. படம் இல்லாதது எங்கள் தொழிலில் நடக்காதது.

மறுநாள் எனக்கு வேலை நிரந்தரமானது. அந்த மௌனத்துக்குப் பின்னால் என் சூடாக்கல்தான் இருக்கிறது என்று சம்பத் சார் நம்பினார். நான் திருத்தவில்லை. கேபிள் ஒயர் இழுக்கிற லைன்மேன் பாஷா அண்ணன், ஊர் ஊராகச் சுற்றி விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: “ஒரு வார்த்த பேசாததுக்கே பாலகாட்ல பொம்பளைங்கல்லாம் அழுதுட்டாங்க தங்கச்சி. பேசியிருந்தா இன்னா ஆயிருக்குமோ.”

ஆறே முக்காலுக்கு ஸ்கெலட்டனில்

சில மாதங்களில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஷிப்டுச் சங்கு நின்றுபோன முதல் காலையில், எங்கள் தெருவில் யாருக்கும் மணி தெரியவில்லை. நைனா விழித்துப் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் கனெக்‌ஷன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன, நிகழ்ச்சியும் நின்றது. நானும் மற்றவர்களைப் போல விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிவைத்த சயனைடு மண்மேடுகள் ரயிலில் இருந்து பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஊரில் இருந்தவரை எனக்கு அது தெரியாது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே போக இனி வழியில்லை. இருட்டில் பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் கரண்ட்காரர்கள் தயவில். அதற்குப் பிறகு அந்த இருவரும் பேசினார்களா? நைனாவிடம் கேட்டால், இப்போது அவர் யாரையும் ஏற்றி இறக்குவதில்லையே, எப்படித் தெரியும் என்றார். பாஷா அண்ணன், ஸ்கெலட்டன் பக்கம் யாரோ சொன்னதாக ஒன்று சொன்னார். கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு இனி எதையும் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்ததால், ஒரு சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கி நேரே அங்கே போனேன்.

மணி ஆறே முக்கால். இருட்டிவிட்டது. அந்த லைனில் எல்லா வீட்டிலும் பல்பு எரிந்தது. கரண்ட் இருந்தது என்பதை இரண்டு பக்கமும் நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். சரோஜா அக்கா வீடு மட்டும் இருட்டு. வாசல்படியில் அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு ஆண் குரல்கள், பெண்ணைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்புவதா வேண்டாமா என்று காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ‘நீ சொல்லாத மச்சான்’ என்றது ஒன்று. ‘நான்தான் சொல்லுவேன், நான் தாய்மாமன்’ என்றது மற்றது. தினமும் இப்படியா என்று சைகையில் கேட்டேன். சரோஜா அக்கா தலையாட்டிவிட்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னார்: “லைட்ட போட்டா ரெண்டும் செவுத்த பாத்துக்கினு ஒக்காருதுங்க. அதான் பேசி முடிக்கிற வரைக்கும் நான் போடறதில்ல.”

பெரிய விளக்குகள் இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் நாங்கள் செய்வதாகச் சொல்லிக்கொண்ட வேலையை, அந்த அக்கா ஒரு சுவிட்சைப் போடாமல் விட்டே செய்துகொண்டிருந்தார்.